பழைய காரைப் புதுப்பிப்போருக்கு: ஒலியடக்கும் விரிப்பும் துருத்தடுப்புப் பூச்சும் வாங்குவதற்கு முன்

ஒரே காரின் தரையை நான் இரண்டு முறை பிரித்திருக்கிறேன். முதல் முறை, தகட்டின் மேலிருந்த துருவைக் கம்பித் தூரிகையால் மேலோட்டமாகத் தேய்த்துவிட்டு, உள்ளே தார் விரிப்பை ஒட்டி, அதன் மேல் தடித்த கம்பளித் துணியைப் பரப்பி, அடிப்பக்கம் முழுவதும் ஒரு பட்டறையில் கருப்பு ரப்பர் பூச்சு அடிக்க வைத்து முடித்தேன். பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது. இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது காருக்குள் ஈர வாடை நிற்கத் தொடங்கியது. ஓட்டுநர் காலடியிலிருந்த விரிப்பைத் தூக்கினேன். தார் விரிப்போடு சேர்ந்து தகடும் செதில் செதிலாக உரிந்து வந்தது. அந்த இடத்தில் திருப்புளியின் முனை எதிர்ப்பின்றி இறங்கிற்று.

ஒட்டுகிற விரிப்பும் அடிக்கிற பூச்சும் தமக்குக் கீழே இருப்பதைப் பூட்டி வைக்கும். சுத்தமான தகடு இருந்தால் அதையும், துருவும் ஈரமும் இருந்தால் அவற்றையும். ஆகவே எந்தப் பொருள் நல்லது என்ற கேள்விக்கு முன்னால், எது எதற்குப் பின் வர வேண்டும் என்ற வரிசையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழாவதைத் தவிர, கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். முதன்முறையாகப் பழைய கார் ஒன்றைப் பிரிக்கப் போகிறவருக்கு இவை இரண்டாவது முறை பிரிக்கும் வேலையை மிச்சப்படுத்தும்.

1. பிரிப்பதற்கு முன் ஆவணங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

சேஸிஸ் எண் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து, அதைத் தெளிவாகப் படமெடுத்து, பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு வையுங்கள். பல கார்களில் அது தரையிலோ என்ஜின் அறையின் சுவரிலோ சக்கர வளைவின் அருகிலோ இருக்கும். அதாவது நீங்கள் பூச்சடிக்கப் போகும் இடத்திலேயே இருக்கும். அதன் மேல் தடித்த பூச்சோ விரிப்போ ஏறிவிட்டால், பின்னர் ஆய்வின்போதும் விற்பனையின்போதும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். எண்ணைச் சுரண்டவும் கூடாது. அந்த இடத்தை நாடாவால் மறைத்துவிட்டு, கடைசியில் ஒளி ஊடுருவும் மெழுகு மட்டும் பூசினால் போதும்.

அடுத்ததாக, வாங்கப் போகும் ஒவ்வொரு பூச்சுக்கும் இரண்டு தாள்களைக் கேட்டுப் பெறுங்கள். ஒன்று தொழில்நுட்பத் தாள். கலவை விகிதம், எந்தப் பரப்பின் மேல் பூசலாம், எத்தனை மணி நேரத்துக்குள் அடுத்த பூச்சு ஏற வேண்டும் என்பவை அதில் இருக்கும். மற்றொன்று பாதுகாப்புத் தாள். எந்த முகமூடி வேண்டும், எந்த வேதிப்பொருள் இருக்கிறது என்பவை அதில் இருக்கும். இவ்விரண்டையும் தர முடியாத பொருளை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் இப்போது வாங்குவதில்லை.

வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும், குறிப்பாக வெல்டிங் செய்த இடங்களைப் பூச்சு ஏறுவதற்கு முன்பு, படமெடுத்து வையுங்கள். புதிய கருப்புப் பூச்சு அடித்த அடிப்பாகத்தைப் பார்க்கும் எவரும் முதலில் சந்தேகப்படுவது அதன் கீழே எதை மறைத்திருக்கிறார்கள் என்பதைத்தான். மறைப்பதற்கு எதுவும் இருக்கவில்லை என்று காட்டப் படங்களைத் தவிர வேறு சான்று கிடையாது.

2. பழைய விரிப்பை அகற்றுங்கள்

தொழிற்சாலையில் ஒட்டிய தார் விரிப்பு உறுதியாகப் பிடித்துக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடலாமே என்று தோன்றும். ஓரங்களைத் தட்டிப் பாருங்கள். வெடிப்போ தூக்கலோ துருக்கறையோ எங்கேயாவது தெரிந்தால் முழுவதையும் எடுத்துவிடுவதே நல்லது, ஏனென்றால் வெடிப்பின் வழியே புகுந்த நீர் விரிப்பின் கீழே எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது.

அகற்றத் தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை உண்டு. மிகப் பழைய கார்கள் சிலவற்றின் அடிப்பூச்சிலும் ஒலியடக்கும் விரிப்பிலும் வெப்பத் தடுப்பு அட்டைகளிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கக்கூடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். எனவே எதையும் உலர்ந்த நிலையில் கிரைண்டர் வைத்துத் தூள் பறக்கத் தேய்க்காதீர்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சிறு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வரும்வரை காத்திருங்கள்.

தார் விரிப்பை எடுக்க இரண்டு வழிகள் எனக்குப் பயன்பட்டன. முதலாவது, சூடான காற்றுத் துப்பாக்கியால் இளக்கி, அகலமான சுரண்டியால் தள்ளுவது. இது மெதுவானது, சூடு அதிகமானால் தார் உருகித் தகடு முழுவதும் பூசிக்கொள்ளும். இரண்டாவது, உலர் பனிக்கட்டி. ஏறத்தாழ –78 டிகிரி செல்சியஸ் குளிரில் உள்ள அந்தக் கட்டிகளை விரிப்பின் மேல் பத்து நிமிடம் பரப்பி வைத்தால் தார் கண்ணாடிபோல் விறைத்துவிடும்; சுத்தியலால் மெல்லத் தட்டினால் ஓடு ஓடாகக் கழன்று வரும். தட்டையான தரையில் இந்த முறைக்கு நிகரில்லை. ஆனால் உலர் பனிக்கட்டி ஆவியாகும்போது கரியமில வாயு வெளிவந்து தாழ்வான இடங்களில் தேங்கும் என்பதால், கதவுகள் அனைத்தையும் திறந்து வைத்து, காற்றோட்டமான இடத்தில் மட்டுமே செய்ய வேண்டும். காருக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நெடுநேரம் வேலை செய்யக் கூடாது. தடித்த கையுறை இல்லாமல் கட்டியைத் தொட்டால் தோல் வெந்ததுபோல் ஆகிவிடும்.

3. நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியை நான் முதல் முறை செய்யவேயில்லை. தரைத்தகடு வெறுமையாக இருக்கும் இந்த நேரம்தான் ஒழுக்கைக் கண்டுபிடிக்க மிகச் சரியான நேரம். ஒருவர் கைவிளக்கோடு உள்ளே உட்கார, மற்றொருவர் வெளியிலிருந்து குழாய் நீரை மெதுவாகக் கீழிருந்து மேலாக விட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, ஓட்டை எது என்பது தெரியாமல் போகும். என் காரில் நீர் தரை வழியாக வரவில்லை. முன்கண்ணாடியின் ரப்பர் மூலையில் புகுந்து, டாஷ்போர்டின் பின்னால் நூல் போல் இறங்கி, காலடியில் தேங்கிக்கொண்டிருந்தது.

பார்க்க வேண்டிய மற்ற இடங்கள்: கதவு ரப்பர்கள், என்ஜின் அறைச் சுவரில் ஒயர் நுழையும் ரப்பர் வளையங்கள், முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுப் பெட்டியின் வடிகால், கதவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் திரை. கடைசியில் சொன்ன திரையைப் பலர் கிழித்தெறிந்துவிடுவார்கள். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் உட்பக்கம் வராமல் காப்பது அதுதான்.

4. தகட்டைச் சுத்தம் செய்து எபாக்சி பிரைமர் பூசுங்கள்

திருப்புளியால் குத்திப் பாருங்கள். முனை இறங்கும் இடங்களை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பட்டியோ பூச்சோ அங்கே உதவாது. வெல்டிங் வேலை அனைத்தும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிட வேண்டும். தார், மெழுகு, ஒலியடக்கும் விரிப்பு எல்லாமே தீப்பற்றக் கூடியவை. அவை ஏறிய பிறகு மறுபக்கம் வெல்டிங் வைத்தால் கார் எரியும் அபாயம் உண்மையானது.

துரு நீக்கும் வரிசையில் ஒரு நுட்பம் உண்டு. முதலில் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் கரைப்பானால் துடைத்துவிட்டு, அதன் பிறகே உப்புத்தாள் போட வேண்டும். மாற்றிச் செய்தால் பிசுக்கைத் தகட்டின் கீறல்களுக்குள் நாமே தேய்த்து ஏற்றிவிடுகிறோம். துடைக்கும்போது ஒரு கையில் நனைந்த துணியும் மறு கையில் உலர்ந்த துணியும் இருக்கட்டும். கரைப்பான் தானே உலர்ந்தால் அழுக்கு மீண்டும் அங்கேயே படியும். 80 முதல் 180 வரையிலான எண்ணுள்ள உப்புத்தாளால் தேய்த்த தகட்டில் எபாக்சி பிரைமர், அதாவது வெறும் தகட்டின் மேல் முதலில் ஏறும் பூச்சு, நன்றாகப் பிடிக்கும். தேய்த்து முடித்தபின் வெறுங்கையால் தொடாதீர்கள். ஈரக்காற்றில் வெறும் இரும்பு சில மணி நேரத்திலேயே மெல்லிய துருவைப் பிடித்துவிடும் என்பதால், சுத்தம் செய்த அன்றே பிரைமர் ஏற வேண்டும். ஒரே நாளில் பூசி முடிக்கக்கூடிய பரப்பை மட்டும் தேய்த்தெடுங்கள்.

துரு மாற்றி திரவங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். டானிக் அமிலம் கலந்த திரவம் துருவோடு சேர்ந்து நீலக்கருப்பான, நிலையான சேர்மமாக மாறும். அதற்குத் துரு வேண்டும், சுத்தமான தகட்டில் அதற்கு வேலையே இல்லை. செதிலாக நிற்கும் துருவின் மேல் பூசினாலும் மேல்தோல்தான் மாறும், அடியில் துரு தொடரும். பாஸ்பாரிக் அமிலத் திரவத்தை உபயோகித்தால் அதன் எச்சத்தை உற்பத்தியாளர் சொன்னபடி முழுவதும் கழுவி உலர்த்த வேண்டும். அமிலம் மிச்சமிருக்கும் தகட்டில் எபாக்சி சரியாக ஒட்டாது. இதே காரணத்தால், அமிலம் கலந்த எட்ச் பிரைமரின் மேல் எபாக்சி பூசுவதைப் பல உற்பத்தியாளர்கள் தடுக்கிறார்கள். உப்புத்தாளோ தூரிகையோ எட்டாத குழிகளுக்கும் மூலைகளுக்கும் மட்டும் துரு மாற்றியை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

காற்றின் ஈரத்தால் இறுகும் யூரித்தேன் பூச்சு ஒன்றும் கிடைக்கிறது. குழி விழுந்த, பழுப்பேறிய தகட்டில் அது அபாரமாகப் பிடிக்கும். வழவழப்பான புதுத் தகட்டிலோ தோல் உரிவதுபோல் மொத்தமாக உரிந்து வரும். வெயில் படும் இடத்தில் மேற்பூச்சு இல்லாமல் விட்டால் கெட்டுப்போகும்.

எபாக்சி பிரைமர் இரு பாகங்களைக் கலந்து பூசுவது. கலவை விகிதத்தை அளவுக் கோப்பையில் பாருங்கள். சீக்கிரம் இறுக வேண்டுமென்று ஹார்டனரை (இறுகச் செய்யும் பாகத்தை) கூட்டினால் பூச்சு பலவீனமாகிவிடும். சில வகைகளைக் கலந்தபின் 20 அல்லது 30 நிமிடம் அப்படியே வைத்திருந்துதான் பூச வேண்டும். இதுவும் தொழில்நுட்பத் தாளில் இருக்கும். தகட்டின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் அதிகமாகவும், காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குக் கீழேயும் இருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலின் பொது விதி. மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் வேலையைத் தள்ளிவையுங்கள்.

முகமூடி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறதா என்று பாதுகாப்புத் தாளில் பாருங்கள். இருந்தால், அதைத் தெளிப்பதற்குச் சாதாரணத் துணி முகமூடி ஒரு பாதுகாப்பும் தராது. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி வேண்டும், இல்லாவிட்டால் அந்த வேலையை உரிய வசதியுள்ள பட்டறையிடம் கொடுத்துவிடுங்கள். ஐசோசயனேட் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது.

5. இணைப்புகளுக்கு சீலர் போடுங்கள்

இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்பில்தான் நீர் நுண்துளை வழியே ஊறும். பாலியூரித்தேன் அல்லது எம்.எஸ். பாலிமர் வகை சீலரை (இடுக்கை அடைக்கும் பசையை) எபாக்சியின் மேல் போடுங்கள், வெறும் தகட்டில் போடாதீர்கள். குளியலறைக்கு வாங்கும், வினிகர் வாடையடிக்கும் சிலிக்கான் காருக்கு ஆகாது. அது இறுகும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் இரும்பை அரிக்கும்; சிலிக்கான் பட்ட இடத்தில் பெயிண்டும் நிற்காது, மீன்கண் போல் வட்டம் வட்டமாக விலகும். தரையில் உள்ள வடிகால் துளைகளைச் சீலரால் அடைத்துவிடாதபடி, தொடங்கும் முன்பே அவற்றில் சிறு மரக்குச்சிகளைச் செருகி வைப்பது நல்ல பழக்கம்.

6. அடிப்பாகப் பூச்சைத் தேர்ந்தெடுங்கள்

கடையில் எல்லாவற்றுக்கும் 'அண்டர்கோட்டிங்' என்ற ஒரே பெயர்தான். அந்தப் பெயருக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பொருள்கள் இருக்கின்றன.

தார் அல்லது ரப்பர் கலந்த கருப்புப் பூச்சு மலிவானது, அடிப்பதற்கு எளிதானது, அடித்த அன்று நன்றாகவே இருக்கும். வயதாக ஆக அது விறைத்து வெடிக்கும். வெடிப்பில் புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தகட்டோடு ஒட்டியே கிடக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பூச்சு முழுசாகத் தெரியும். என் முதல் முயற்சியை அழித்தது இதுதான் என்பதால் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கல்லடி தாங்கும் பூச்சு வேறு வகை. சொரசொரப்பாக இறுகும் இதன் மேல் காரின் நிறத்தையே அடிக்கலாம். சக்கர வளைவுகளின் உட்புறம், கதவுக்குக் கீழுள்ள நீள்பெட்டிகள், முன்பக்க வேலன்ஸ் (பம்பருக்குக் கீழுள்ள தகடு) ஆகிய கல் தெறிக்கும் இடங்களுக்கு இது பொருத்தமானது. கல்லும் சேறும் மோதும் ஓசையையும் இது ஓரளவு மட்டுப்படுத்தும்.

சரக்கு வண்டியில் சரக்கு ஏற்றும் தளத்துக்கு அடிக்கும் இரு பாகப் பாலியூரித்தேன் பூச்சு இவற்றில் மிகக் கடினமானது. ஆனால் கீழே உள்ள பிரைமர் சரியாக இல்லையென்றால் அந்தக் கடினமே எதிரியாகும். ஓரம் தூக்கிய இடத்தில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிற்காலத்தில் ஒரு வெல்டிங் வேலைக்காக அதை அகற்றுவதும் பெரும்பாடு. இதிலும் ஐசோசயனேட் உண்டு.

மெழுகுப் பூச்சு மென்மையாகவே இருக்கும். சிறு கீறல் விழுந்தாலும் தானே ஓரளவு மூடிக்கொள்ளும். ஒளி ஊடுருவும் வகையை வாங்கினால் கீழே துரு தோன்றுகிறதா என்று எப்போது வேண்டுமானாலும் பார்க்க முடியும். சக்கரம் தெறிக்கும் நீரில் மெல்ல மெல்லத் தேய்ந்து போகும் என்பதால், ஆண்டுக்கொரு முறை பார்த்துத் தேய்ந்த இடத்தில் மீண்டும் பூச வேண்டும். லானோலின் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு), எண்ணெய் வகைகள் இதைவிடவும் இணைப்புகளுக்குள் ஊர்ந்து செல்லக் கூடியவை. அதே அளவுக்குச் சீக்கிரம் கழுவிப் போகவும் கூடியவை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிக் கெடும் என்பதால் சஸ்பென்ஷனில் உள்ள ரப்பர் புஷ்களை மறைத்துவிட்டு அடிக்க வேண்டும்.

இரண்டாவது முறை நான் எபாக்சி, சீலர், சக்கர வளைவுகளிலும் நீள்பெட்டிகளிலும் மட்டும் கல்லடிப் பூச்சு, எஞ்சிய அடிப்பாகம் முழுவதும் காரின் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் ஒளி ஊடுருவும் மெழுகு என்று முடித்தேன். கருப்புப் பூச்சைப்போல் 'முடிந்தது' என்ற தோற்றம் இதற்கு இல்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் படுத்துக்கொண்டு கைவிளக்கு அடித்துப் பார்த்தால் தகட்டின் உண்மை நிலை தெரிகிறது, அதுவே எனக்கு வேண்டியது.

எந்தப் பூச்சாயினும் பிரேக் டிஸ்க், காலிப்பர், சைலன்சர், ஷாஃப்ட், போல்ட் மரைகள், வடிகால் துளைகள் ஆகியவற்றை மறைத்த பின்பே தெளிப்பானைக் கையிலெடுங்கள்.

7. எந்த ஓசையை அடக்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள்

விரிப்பு வாங்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். கார் ஓடும் நிலையில் இருந்தால், பிரிப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். நின்றுகொண்டிருக்கும் காரில் என்ஜினை வழக்கமான ஓட்ட வேகத்துக்கு முடுக்கிக் கேளுங்கள். அந்த இரைச்சல் அப்போதும் இருந்தால் அது என்ஜினுடையது அல்லது சைலன்சருடையது; ஓடும்போது மட்டும் வந்தால் பெரும்பாலும் டயரும் காற்றும் காரணம். கதவு இடுக்குகளின் மேல் காகித நாடாவை ஒட்டிவிட்டு, ஒருவர் ஓட்ட, மற்றொருவர் கேட்கட்டும். ஓசை குறைந்தால் உங்களுக்கு வேண்டியது புதிய கதவு ரப்பர்தான். கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அழுத்தவில்லை என்று பொருள்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தடுப்புச் சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மிச்சப் பரப்பு எவ்வளவு தடிமனாக இருந்தாலும், அந்தச் சுவர் தடுக்கும் ஒலி 20 டெசிபலைத் தாண்டாது. என்ஜின் அறைச் சுவரில் ஒரு ரப்பர் வளையம் விழுந்துபோன காரில், தரை முழுக்க விலையுயர்ந்த விரிப்பை ஒட்டுவது பணத்தை வீணாக்குவதாகும். ரப்பர்களுக்கு ஆகும் செலவு விரிப்புக்கு ஆவதில் சிறு பங்குதான்.

8. அதிர்வை அடக்கும் விரிப்பு: அளவும் இடமும்

கதவின் வெளித்தகட்டை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். 'ணங்' என்று நீண்டு ஒலித்தால் அந்தத் தகடு மத்தளத் தோல்போல் அதிர்கிறது. அதன் நடுவில் உள்ளங்கை அளவு பியூட்டைல் (ஒட்டும் தன்மையுள்ள செயற்கை ரப்பர்) துண்டு ஒன்றை ஒட்டி மீண்டும் தட்டினால் 'தொப்' என்று அடங்கிவிடும். அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் விரிப்பு வேலை செய்யும் விதம் இதுதான்: தகடு வளையும்போது, தகட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் சிக்கிய பியூட்டைல் இழுபட்டு, அதிர்வைச் சிறு வெப்பமாக மாற்றிவிடுகிறது. ஆகவே அலுமினியத் தாளின் தடிமன் முக்கியம். நகம் பட்டாலே கிழியும் மெல்லிய தாள் கொண்ட விரிப்பு, மொத்தத் தடிமன் எவ்வளவு இருந்தாலும், பாதி வேலைதான் செய்யும்.

ஒவ்வொரு தகட்டின் நடுப்பகுதியில், பரப்பில் 25 முதல் 50 விழுக்காடு வரை ஒட்டினாலே அதிர்வு அடங்கும். முழுவதும் ஒட்டினால் செலவு இரண்டு முதல் நான்கு மடங்காகும், பலன் அந்த அளவுக்குக் கூடாது. 2 மில்லிமீட்டர் விரிப்பு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 கிலோ எடை கொண்டது. ஆறு சதுர மீட்டரை மூடினால் ஒரு சிறுவனைக் கூடவே ஏற்றிச் செல்வதற்குச் சமம். செய்தித்தாளை வெட்டித் தரை, கதவுகள், கூரை, டிக்கி என ஒவ்வொன்றுக்கும் மாதிரி எடுத்து, பரப்பைக் கூட்டி, அதில் பாதிக்குக் குறைவாகவே வாங்குங்கள்.

தார் விரிப்பா, பியூட்டைலா என்ற கேள்விக்கு என் பதில்: சூட்டில் உருக்கித் தரையோடு ஒட்டும் தார் விரிப்பு தட்டையான தரைக்குப் போதுமானது, விலையும் குறைவு. கதவு, கூரை ஆகிய இடங்களில் பியூட்டைலையே வாங்குங்கள். வெயிலில் நின்ற காரின் கூரையில் ஒட்டிய தார் இளகித் தொங்கும், வாடையும் நிற்கும். கட்டடக் கூரை ஒழுகலுக்கு விற்கும் ஒட்டு விரிப்பை மலிவு என்று வாங்கி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்; கோடையில் அது பசையாகி மேற்கூரைத் துணியில் கறை இறக்கிவிட்டது.

பெயிண்ட் முழுமையாக இறுகக் குறைந்தது ஒரு வாரம் விட்ட பிறகு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, விரிப்பை ஒட்டி, சிறு உருளையால் அதன் மேலுள்ள புடைப்புக் கோலம் மறையும்வரை அழுத்துங்கள். உட்பக்கம் காற்றுக் குமிழ் இருந்தால் ஈரம் அங்கேதான் சேரும். அலுமினிய ஓரம் பிளேடுபோல் வெட்டும், கையுறை அவசியம். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளையும், கண்ணாடி இறங்கும் பாதையையும் விரிப்பு தொடக் கூடாது.

9. வெளி ஓசையைத் தடுக்கும் அடுக்கு

பியூட்டைல் தகட்டின் அதிர்வைத்தான் அடக்கும். காற்றில் வரும் ஓசைக்கு எடையுள்ள, இடைவெளியில்லாத தடுப்பு வேண்டும். அதற்கு எடை கூட்டிய வினைல் விரிப்பு, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ளது, பயன்படும். அதைத் தகட்டின் மேல் நேரடியாகப் போடாமல், நீர் உறிஞ்சாத மூடிய கண்ணறை நுரையை 3 முதல் 6 மில்லிமீட்டர் தடிமனில் கீழே பரப்பி, அதன் மேல் போட வேண்டும். என்ஜின் அறைச் சுவரும் முன் தரையும் முதலில்; மற்ற இடங்கள் தேவைப்பட்டால் மட்டும். தரையில் இதை ஒட்டாமல் சும்மா விரித்து வையுங்கள். தூக்கிப் பார்க்கக்கூடிய தரை பல ஆண்டு வாழும்.

திறந்த கண்ணறை நுரை, பஞ்சு, கம்பளித் துணி ஆகியவை ஒலியை நன்றாக உறிஞ்சும். நீரையும் அப்படியே உறிஞ்சும். கூரைக்கும் பக்கவாட்டுக்கும் அவை பரவாயில்லை. தரைத்தகட்டைத் தொடும்படி வைக்காதீர்கள். சைலன்சர் செல்லும் சுரங்கப் பகுதியில் வெப்பம் ஒரு தனிப் பிரச்சினை. பளபளக்கும் அலுமினியத் தடுப்பு தனக்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் வெப்பத்தைத் திருப்பியனுப்பும், இரண்டு பொருள்களுக்கு நடுவே நெருக்கி வைத்தால் பயனில்லை.

10. கடைசியில் உட்குழி மெழுகு

நீள்பெட்டிகள், கதவின் அடி, தூண்களின் உட்புறம் ஆகிய கை எட்டாத குழிகளுக்கு, சுற்றிலும் தெளிக்கும் முனை கொண்ட நீண்ட குழாயால் மெழுகு அடிக்க வேண்டும். குழாயை முழுவதும் உள்ளே செலுத்தி, மெல்ல வெளியே இழுத்தபடி தெளியுங்கள். வடிகால் துளையில் மெழுகு சொட்டுவதைப் பார்த்தால் அங்கு எட்டிவிட்டது என்று அறியலாம். மறுநாள் ஒரு கம்பியால் துளைகளைத் திறந்துவிடுங்கள். இது கடைசியில்தான் வர வேண்டும்: மெழுகு பட்ட தகட்டில் பெயிண்டும் ஒட்டாது, பியூட்டைலும் ஒட்டாது. என் கார் கதவொன்றில் மெழுகை முதலில் அடித்துவிட்டு, விரிப்பு ஒட்டாமல், ஒரு நாள் முழுவதும் கரைப்பானால் துடைத்தேன்.

11. காலமும் செலவும்

வார இறுதிகளில் மட்டும் வேலை செய்பவர் பிரிப்பதற்கும் பழைய விரிப்பை எடுப்பதற்கும் இரண்டு வாரம், துருவுக்கும் வெல்டிங்குக்கும் மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். எபாக்சியும் சீலரும் ஒரே வார இறுதியில் முடியும்படி திட்டமிடுங்கள். எபாக்சியின் மேல் அடுத்த பூச்சு ஏறுவதற்கான கெடு முடிந்துவிட்டால் மீண்டும் உப்புத்தாள் போட வேண்டியிருக்கும். பெயிண்ட் இறுக ஒரு வாரம், விரிப்புக்கு ஒரு வார இறுதி, மெழுகு சொட்டி வாடை அடங்க மூன்று நான்கு நாள். மழைக்காலத்தில் தொடங்காதீர்கள்.

பட்டறையில் கொடுத்தால் செலவில் பெரும்பங்கு சுத்தம் செய்யும் கூலிக்கே போகும், பொருளுக்குப் போவது குறைவு. அந்தச் சுத்தத்தை நீங்களே செய்துவிட்டு, வெல்டிங்கையும் தெளிப்பையும் மட்டும் பட்டறைக்குக் கொடுப்பது பணத்தை மிச்சப்படுத்தும் நேர்மையான வழி. கொடுக்கும்போது "அண்டர்கோட்டிங் அடித்துவிடுங்கள்" என்று சொல்லாமல், எந்தப் பொருள், எந்தப் பரப்பின் மேல், எத்தனை பூச்சு என்பதை எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பிரைமர் ஏறியபின் நீங்கள் வந்து பார்க்கும்வரை மேற்பூச்சு அடிக்கக் கூடாது என்பதையும் அதில் சேருங்கள். முதல் முறை எனக்கு வேலை செய்த பட்டறை, நான் வருவதற்கு முந்தைய மாலையே கருப்புப் பூச்சை அடித்து முடித்து, காரைக் கழுவி நிறுத்தியிருந்தது. கீழே பிரைமர் இருந்ததா என்பதை இரண்டு ஆண்டு கழித்துத் தகடு உரிந்தபோதுதான் நான் அறிந்தேன்.

வேலை முடிந்து முதல் பெருமழைக்குப் பின் தரை விரிப்பின் நான்கு மூலைகளையும் தூக்கி, கீழே கையை வைத்துப் பாருங்கள். கதவின் வடிகால் துளைகளில் நீர் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். சொட்டாமல் கதவை அசைக்கும்போது உள்ளே நீர் குலுங்கினால், துளை மெழுகால் அடைபட்டிருக்கிறது. அன்றைக்கே ஒரு கம்பியை எடுத்துத் திறந்துவிடுங்கள்.